காரணம் என்ற இடத்தில்

புன்டா அரீனாஸில் காற்று
முதலில் தொப்பியைக் கேட்கும்,
அப்புறம்தான் பெயர்.

பதினொரு பள்ளிகள்.
ஆறில் புகை வேண்டாம் என்று பாடம் நடந்தது.
ஐந்தில் நடக்கவில்லை.
இரண்டுக்கும் நடுவில் என்ன எடை என்று
நிறுத்துப் பார்க்க என்னை அனுப்பினார்கள்,
சான்டியாகோவிலிருந்து,
மூச்சை அளக்கும் கருவியும்
ஒரு பெட்டி அட்டைக் குழாய்களுமாக.

பாடத்தைப் பார்த்தேன்.
ஆசிரியை எதுவினா பாரியா
காலி பாட்டிலில் பஞ்சை அடைத்து
அதன் வாயில் ஒரு சிகரெட்டைச் செருகிப்
பற்றவைத்து, அமுக்கி விட்டாள்.
பாட்டில் இழுத்தது.
பஞ்சு தேநீர் நிறமானது.
ஐயே என்றது வகுப்பு.
கடைசி பெஞ்சுப் பையன் மட்டும்
பஞ்சைப் பார்க்கவில்லை,
பாட்டில் புகைவிடும் தோரணையைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்புக்கு ஒன்று போதும்.
பாக்கெட்டில் இருபது.
ரசீது திட்டக் கணக்கில் இருக்கிறது.
மீதிப் பத்தொன்பது எங்கே என்று
நான் கேட்கவில்லை.
கொதிகலன் அறைக்குப் பின்னால்
சுவரோடு சுவராக நின்றிருந்தாள் எதுவினா.
"வீணாகப் போகக் கூடாதில்லையா" என்றாள்,
காற்றுக்கு முதுகைக் காட்டியபடி.

கேள்வித்தாள் நாற்பது கேள்வி.
புகை கெடுதல் என்று தெரியுமா?
தெரியும், தெரியும், தெரியும்.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.
போன மாதம் புகைத்தாயா?
இல்லை என்று எழுதிய தாளே
லேசாக மணத்தது.

நயாரெத் ராயின், வயது பதின்மூன்று,
இல்லை என்றுதான் எழுதியிருந்தாள்.
ஊதச் சொன்னேன்.
கருவி பதினொன்று காட்டியது.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை,
தாளைத் திரும்ப வாங்கி
விளிம்பில் எழுதினாள்:
எங்கள் வீட்டில் சூடான அறை ஒன்றே ஒன்று.
அம்மா அங்கே உட்கார்ந்துதான் யோசிப்பாள்.
நிறைய யோசிப்பாள்.

அதற்குக் கட்டம் இல்லை.
தொண்ணூற்றொன்பது என்று குறியிட்டேன்:
பொருந்தாத விடை.

முடிவு இதுதான்.
பாடம் நடந்த பள்ளிகளில் இருபத்திரண்டு சதவீதம்.
நடக்காத பள்ளிகளிலும்
ஏறக்குறைய அதே இருபத்திரண்டு.
தசமப் புள்ளிக்குப் பின்னால்
ஒண்டிக்கொண்டிருக்கிறது வித்தியாசம்,
மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி.

ஒரே ஒரு பள்ளியில் மட்டும்
எண் பாதியாக விழுந்திருந்தது.
பாட்டில் வராத பள்ளி.
பஞ்சு கறுக்காத பள்ளி.
விசாரித்தேன்.
எதிர்க் கடை தோப்ரிலா மார்ச்சில் வழுக்கி விழுந்து
இடுப்பு முறிந்து படுக்கையில்.
பாக்கெட்டைப் பிரித்து
ஒற்றை ஒற்றையாக விற்றவள் அவள்தான்.
அடுத்த கடைக்கு ஒன்பது தெரு,
ஒன்பதும் காற்றுக்கு எதிரே.
அப்படியே போய் வாங்கி வந்தாலும்
எந்த லைட்டர் அங்கே பற்றும்?

அமைச்சகம் ஒரு வரி கேட்கிறது:
பலன் உண்டா, இல்லையா?
உடைந்த இடுப்பை, ஒன்பது தெருவை,
மேற்கிலிருந்து வீசும் இந்தப் பிடிவாதத்தை
எந்தத் தலைப்பில் போடுவது?
ஆனாலும் எதுவினாவின் வகுப்பில்
ஒரு பிள்ளை, பெயர் தெரியாத ஒரு பிள்ளை,
நீட்டிய சிகரெட்டை வேண்டாம் என்றிருக்கலாம்.
நடக்காததை எண்ண
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கிளம்பும் நாள் நயாரெத் வந்தாள்.
குழாய் ஒன்று கிடைக்குமா, அம்மாவுக்கு.
கருவி இல்லாமல் அது வெறும் அட்டை என்றேன்.
"தெரியும்.
அவள் ஊதட்டும்.
எண்ணை நானே சொல்லிக்கொள்கிறேன்."

இரண்டு கொடுத்தேன்.

திருப்பி ஒப்படைத்த பட்டியலில்
குழாய்கள்: இரண்டு குறைவு.
காரணம் என்ற இடத்தில்
காற்று என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.